கொடியில் சிலுவை இருக்கலாம், தலையில் முக்காடு இருக்கக் கூடாதா?



நீலத் துணி. அதன் குறுக்கும் நெடுக்குமாக ஒரு வெள்ளைச் சிலுவை. சிலுவை பிரிக்கும் நான்கு கட்டங்களிலும் ஒவ்வொரு வெள்ளை லில்லிப் பூ. கனடா நாட்டின் கியூபெக் மாகாணக் கொடி இதுதான்.

கியூபெக் என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது ஹிஜாப் தடைச் சட்டம். 2019 ஜூன் 16 அன்று அந்த மாகாணச் சட்டமன்றம் 73க்கு 35 என்ற வாக்குக் கணக்கில் 21ஆம் எண் மசோதாவை நிறைவேற்றியது. அரசுப் பள்ளி ஆசிரியர், காவல்துறையினர், அரசு வழக்கறிஞர் எனப் பலரும் பணியில் இருக்கும்போது மத அடையாளம் அணியக் கூடாது என்கிறது அந்தச் சட்டம். முஸ்லிம் பெண்ணின் முக்காடு, சீக்கியரின் தலைப்பாகை, யூதரின் தொப்பி, கிறிஸ்தவரின் கழுத்துச் சிலுவை அனைத்துக்கும் தடை.

இந்தச் சட்டத்தைப் பற்றிப் பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதிவிட்டன. ஆனால் சட்டம் நிறைவேறிய அதே கட்டிடத்தின் உச்சியில் பறக்கும் கொடியைப் பற்றி எத்தனை பேர் எழுதினார்கள்? அந்தச் சட்டத்துக்கு எதிரான முதல் சாட்சி அந்தக் கொடிதான் என்பது எங்கள் கருத்து. அந்தக் கொடியின் வரலாற்றைச் சற்றுப் பொறுமையாகப் படியுங்கள். பிறகு நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

தோற்றுப் போன மக்களின் கதை

வட அமெரிக்காவின் பூர்வகுடிகள் வாழ்ந்து வந்த மண்ணில், 1608இல் பிரெஞ்சுக்காரர்கள் கியூபெக் நகரை அமைத்தார்கள். நூற்றைம்பது ஆண்டுகள் பிரெஞ்சு அரசின் குடியேற்றமாக அது இருந்தது. அந்த அரசர்களின் சின்னம்தான் லில்லிப் பூ.

1758 ஜூலை 8 அன்று காரியோன் என்ற கோட்டையில், தளபதி மோன்காம் சுமார் 3,600 வீரர்களுடன் நின்று, தம் படையைப் போல நான்கு மடங்குக்கும் மேற்பட்ட ஆங்கிலேயப் படையைத் தோற்கடித்தார். அந்த வெற்றி நெடுநாள் நீடிக்கவில்லை. மறு ஆண்டு 1759 செப்டம்பர் 13 அன்று கியூபெக் நகர் மதிலுக்கு வெளியே நடந்த போரில் பிரெஞ்சுப் படை தோற்றது. மோன்காமும் மாண்டார். 1763 பாரிஸ் உடன்படிக்கையில் பிரெஞ்சு மன்னர் அந்த நாட்டை ஆங்கிலேயருக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்.

மன்னர் போனார், மக்கள் எங்கே போவார்கள்? பிரெஞ்சு பேசும் கத்தோலிக்க மக்கள், ஆங்கிலம் பேசும் புராட்டஸ்டன்ட் அரசின் கீழ் அங்கேயே வாழ்ந்தார்கள். ஆங்கிலேயச் சட்டப்படி அரசுப் பதவி வேண்டுமென்றால் கத்தோலிக்கக் கோட்பாடுகளை மறுத்து உறுதிமொழி எடுக்க வேண்டும். அதாவது, வேலை வேண்டுமா, மார்க்கம் வேண்டுமா, இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடு என்றது அரசு. 1774இல் லண்டன் நாடாளுமன்றம் கியூபெக் சட்டம் என்ற பெயரில் ஒரு சட்டம் இயற்றி அந்த உறுதிமொழியை மாற்றியது. தம் மதத்தை விடாமலே கத்தோலிக்கர் அரசுப் பணி செய்யலாம் என்ற நிலை வந்தது.

வாசகர்களே, இந்த 1774ஐக் கொஞ்சம் நினைவில் வைத்துக் கொள்ளுங்கள். பிறகு தேவைப்படும்.

கொடி தேடி நூறு ஆண்டு

தமக்கென ஒரு கொடி வேண்டும் என்ற ஏக்கம் அந்த மக்களுக்கு நெடுங்காலமாக இருந்தது. 1837-38இல் ஆங்கிலேய ஆட்சியை எதிர்த்துக் கிளர்ச்சி செய்தவர்கள் பச்சை, வெள்ளை, சிவப்பு என மூவர்ணக் கொடி பிடித்தார்கள். கிளர்ச்சி நசுக்கப்பட்டது. 1855 வாக்கில் பிரிட்டனும் பிரான்சும் ஒரே அணியில் நின்று போரிட்ட காலத்தில், பிரான்சின் நீலம், வெள்ளை, சிவப்புக் கொடியையே வீடுகளில் ஏற்றத் தொடங்கினார்கள். ஆனால் அது வேறொரு நாட்டின் கொடி. அதுவும் மன்னராட்சியை ஒழித்த புரட்சியின் கொடி. பாதிரிமார்களுக்கு அது மனத்துக்குப் பிடிக்கவில்லை.

இதற்கிடையே ஒரு பழைய பதாகை கிடைத்தது. கியூபெக் நகரில் ஒரு மடத்தின் தேவாலயம் 1796இல் எரிந்தபோது தப்பிய பொருள்களில் அதுவும் ஒன்று. 1847 வாக்கில் பையர்ஜே என்ற வழக்கறிஞர் அதைக் கண்டெடுத்தார். காரியோன் போர்க்களத்தில் பறந்த கொடி இது என்ற நம்பிக்கை பரவியது. 1848 ஜூன் 24 அன்று ஊர்வலத்தில் அதை ஏந்திச் சென்றார்கள். உண்மையில் அது போர்க்கொடி அல்ல, தேவாலய ஊர்வலத்துக்கான பதாகையாகவே இருந்திருக்க வேண்டும் என்று பிற்கால வரலாற்றாசிரியர்கள் சொல்கிறார்கள். ஆனால் தோற்றுப் போன மக்களுக்கு ஒரு வெற்றியின் நினைவு தேவைப்பட்டது. அந்தப் பதாகை அதைக் கொடுத்தது.

1902 செப்டம்பர் 26 அன்று செயின்ட் ஜூட் என்ற கிராமத்தின் பாதிரியார் ஃபிலியாத்ரோ, அந்தப் பதாகையை ஆதாரமாக வைத்துப் புதிய கொடி ஒன்றைத் தம் இல்லத்தில் ஏற்றினார். நீலத் துணி, வெள்ளைச் சிலுவை, நான்கு மூலையிலும் நடுவை நோக்கிச் சாய்ந்த லில்லிப் பூக்கள். மறு ஆண்டே சிலர் அதன் நடுவில் இயேசுவின் திரு இதயச் சின்னத்தைச் சேர்த்தார்கள். அப்படியே அது ஊர் ஊராகப் பரவியது. அரசாங்கம் தரவில்லை. சட்டம் சொல்லவில்லை. ஒரு கிராமத்துப் பாதிரியார் வீட்டில் ஏறிய கொடியை மக்கள் தங்கள் கொடியாக ஏற்றுக் கொண்டார்கள்.

ஆனால் சட்டமன்றக் கோபுரத்தில் மட்டும் பிரிட்டனின் யூனியன் ஜாக் கொடியே பறந்து கொண்டிருந்தது!

1948 ஜனவரி 21, பிற்பகல் 3 மணி

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் கனடாவுக்குத் தேசியக் கொடி தேர்ந்தெடுக்க நாடாளுமன்றக் கூட்டுக்குழு ஒன்று அமைக்கப்பட்டது. அந்நியச் சின்னம் எதுவும் அதில் இருக்கக் கூடாது என்று கியூபெக் சட்டமன்றம் கேட்டுக் கொண்டது. குழுவோ 1946இல் யூனியன் ஜாக்கை மூலையில் வைத்த சிவப்புக் கொடியையே பரிந்துரைத்தது. பிரதமர் மெக்கன்சி கிங் அதைக் கிடப்பில் போட்டுவிட்டார்.

பிறருடைய சின்னத்தை எங்கள் தலைக்கு மேல் ஏற்றாதே என்பதுதான் அன்று அவர்கள் வைத்த கோரிக்கை. நியாயமான கோரிக்கை. யார் மறுக்க முடியும்?

மாகாணத்துக்குத் தனிக்கொடி வேண்டுமென்று ரெனே ஷலூ என்ற சுயேச்சை உறுப்பினர் தீர்மானம் கொண்டு வந்தார். அது விவாதத்துக்கு வரவிருந்த நாள் 1948 ஜனவரி 21. முதலமைச்சர் மொரீஸ் துப்ளெசி கைதேர்ந்த அரசியல்வாதி. பெயர் பிறருக்குப் போவதை விரும்பாதவர். விவாதம் தொடங்குவதற்கு முன்பே அமைச்சரவை ஆணை பிறப்பித்து விட்டார். அன்று பிற்பகல் 3 மணிக்குக் கோபுரத்திலிருந்து யூனியன் ஜாக் இறங்கியது. நீலவெள்ளைக் கொடி ஏறியது. நடுவிலிருந்த திரு இதயச் சின்னத்தை நீக்கிவிட்டார்கள். சாய்ந்திருந்த பூக்களை நேராக நிமிர்த்தி அமைத்த இன்றைய வடிவம் பிப்ரவரி 2 அன்று ஏற்றப்பட்டது. அந்த ஆண்டு ஜூலையில் நடந்த தேர்தலில் துப்ளெசியின் கட்சி 92 இடங்களில் 82ஐ அள்ளியது. 1950 மார்ச் 9 அன்று கொடிக்கெனத் தனிச் சட்டமும் வந்தது.

கனடா நாட்டுக்கே அப்போது சொந்தக் கொடி கிடையாது. சிவப்பு மேப்பிள் இலைக் கொடி ஏறியது 1965 பிப்ரவரி 15 அன்றுதான். அதாவது நாட்டுக்குப் பதினேழு ஆண்டுகள் முன்னதாகவே மாகாணம் தன் கொடியை ஏற்றிவிட்டது. மேப்பிள் இலை வந்தபோது யூனியன் ஜாக் போய்விட்டதே என்று வருந்திய ஒன்டாரியோவும் மானிட்டோபாவும் அதைத் தங்கள் மாகாணக் கொடிகளின் மூலையில் வைத்துக் கொண்டன. அவரவர் அடையாளம் அவரவருக்குப் பெரிது. இதில் கேலி செய்ய ஒன்றுமில்லை.

ஒரே பூ, இரண்டு பொருள்

கொடியில் உள்ள லில்லிப் பூவைப் பற்றியும் சொல்ல வேண்டும். அரச பரம்பரையின் சின்னமான அந்தப் பூவைப் புரட்சிக்குப் பின் பிரான்ஸ் நாடே தூக்கி எறிந்துவிட்டது. தாய்நாடு எறிந்ததைக் கடல் கடந்த மக்கள் நெஞ்சில் வைத்துக் கொண்டார்கள். அவர்களுக்கு அது மன்னராட்சியின் சின்னம் அல்ல. எங்கள் மொழி சாகவில்லை, நாங்கள் இன்னும் இருக்கிறோம் என்பதன் சின்னம்.

அதே பூவுக்கு இன்னொரு வரலாறும் உண்டு. 1685இல் பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயி, கரீபியன் தீவுகளின் அடிமைகளுக்காகக் கறுப்புச் சட்டம் என்று பெயர் பெற்ற ஆணையைப் பிறப்பித்தார். ஒரு மாதம் தலைமறைவாக இருந்த அடிமையின் காதுகளை அறுத்து, தோளில் லில்லிப் பூ வடிவத்தில் சூடு போட வேண்டும் என்று அதில் எழுதப்பட்டிருந்தது. ஒருவர் நெஞ்சில் பெருமையாக மலரும் பூ, இன்னொருவர் தோளில் நெருப்பாக இறங்கிய பூ!

இதைச் சொல்லி அந்த மக்களின் கொடியை இழிவுபடுத்துவது எங்கள் நோக்கமல்ல. இன்றைய கியூபெக் மக்கள் எவரும் அந்தச் சூட்டை மனத்தில் வைத்துக் கொடியை வணங்குவதில்லை. ஒரு சின்னத்தின் பொருளை, அதை ஏந்துகிறவரின் உள்ளத்தைக் கேட்டுத்தான் அறிய வேண்டும். வெளியே நிற்பவர் தம் விருப்பப்படி பொருள் சொல்லி அதைப் பறிக்கக் கூடாது. கொடிக்கு இந்த நியாயம் பொருந்தும் என்றால் முக்காட்டுக்கு ஏன் பொருந்தாது? இது பெண்ணடிமைத்தனத்தின் சின்னம் என்று அரசியல்வாதி சொன்னால் அது பொருளாகிவிடுமா? அணிந்திருக்கும் ஆசிரியையிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா?

கொடியை மிதித்தபோது

1989ஆம் ஆண்டு, ஒன்டாரியோ மாகாணத்தின் பிராக்வில் ஊரில், பிரெஞ்சு மொழிக்கு உரிமை தருவதை எதிர்த்த ஒரு கூட்டத்தினர் கியூபெக் கொடியைத் தரையில் போட்டு மிதித்தார்கள். அந்தக் காட்சியைத் தொலைக்காட்சிகள் மீண்டும் மீண்டும் காட்டின. கியூபெக் மக்கள் கொதித்துப் போனார்கள். பல ஆண்டுகள் ஆறாத காயம் அது. தனி நாடு கேட்டு 1995 அக்டோபர் 30 அன்று நடந்த வாக்கெடுப்பில் ஆம் என்றவர்கள் 49.42 சதவீதம், இல்லை என்றவர்கள் 50.58 சதவீதம். மயிரிழையில் கனடா தப்பியது.

ஒரு துண்டுத் துணிக்காக ஏன் இவ்வளவு வேதனை? அது வெறும் துணி அல்ல என்பதால்தான். மிதிபட்டது நாங்கள்தான் என்று அந்த மக்கள் உணர்ந்தார்கள். இந்த வலி தெரிந்தவர்களுக்கு, தலையிலிருந்து கழற்றச் சொல்லும் துணியும் வெறும் துணி அல்ல என்பது புரியாமல் போனது எப்படி?

சட்டத்தில் உள்ள ஓட்டை யாருக்காக?

இப்போது சட்டத்துக்கு வருவோம். முதலமைச்சர் துப்ளெசி கொடி ஏற்றுவதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, 1936 அக்டோபரில், சட்டமன்றத் தலைவர் இருக்கைக்கு மேலே இயேசு அறையப்பட்ட சிலுவையைத் தொங்கவிட்டிருந்தார். மத வேறுபாடுகளை எப்படி அனுசரிப்பது என ஆராய்ந்த பூஷார்-டெய்லர் ஆணையம் 2008இல் அந்தச் சிலுவையை வேறிடத்துக்கு மாற்றச் சொன்னது. அறிக்கை வெளியான அன்றே, சிலுவை அங்கேயே இருக்கும் என்று சட்டமன்றம் ஒருமனதாகத் தீர்மானித்தது! அது மதம் அல்ல, பாரம்பரியம் என்றார்கள். 21ஆம் எண் சட்டம் வந்த பிறகு, எழுந்த விமர்சனத்தால், 2019 ஜூலை 9 அன்று அதைக் கழற்றி வைத்தார்கள். எண்பத்து மூன்று ஆண்டுகள் அது அங்கே இருந்தது.

கொடியில் உள்ள சிலுவை? அது அப்படியே இருக்கிறது. மொன்றியல் நகர மலையுச்சியில் 1924இல் நிறுவப்பட்ட, சுமார் 31 மீட்டர் உயரமுள்ள, இரவில் ஒளிரும் சிலுவையும் அப்படியே இருக்கிறது. இவற்றைக் காப்பாற்றுவதற்கென்றே சட்டத்தில் ஒரு பிரிவு சேர்த்திருக்கிறார்கள். மாகாணத்தின் வரலாற்றுக்குச் சான்றாகும் பாரம்பரியச் சின்னங்களையும் ஊர்ப் பெயர்களையும் இந்தச் சட்டம் பாதிக்காது என்பது அதன் கருத்து.

என்ன வேடிக்கை பாருங்கள்! பெரும்பான்மையின் சிலுவை பொதுக் கம்பத்தில் பறந்தால் அது பாரம்பரியம். சிறுபான்மைப் பெண்ணின் முக்காடு அவள் தலையில் இருந்தால் அது மதம். அரசின் கொடியில் மதச் சின்னம் இருந்தும் அரசு நடுநிலையாக இருக்க முடியுமாம். ஆசிரியையின் தலையில் முக்காடு இருந்தால் மட்டும் அவளால் நடுநிலையாகக் கணக்குப் பாடம் நடத்த முடியாதாம்!

சட்டம் எல்லா மதத்துக்கும் பொது, கிறிஸ்தவரும் கழுத்துச் சிலுவையைக் கழற்ற வேண்டும் என்று பதில் சொல்கிறார்கள். எழுத்தில் அது உண்மைதான். ஆனால் கழுத்துச் சிலுவையைச் சட்டைக்குள் போட்டுக் கொள்ளலாம். முக்காட்டை எதற்குள் போடுவது? தலைப்பாகையை எங்கே ஒளிப்பது? சட்டம் வந்தபோது ஏற்கெனவே பணியில் இருந்தவர்கள் அதே பணியில் நீடிக்கும்வரை அணியலாம் என்று ஒரு சலுகை உண்டு. பதவி உயர்வோ வேறு பணியோ கேட்டால் சலுகை போய்விடும். பயிற்சி முடித்துப் புதிதாக வேலை தேடும் இளம் பெண்ணுக்கு அந்தச் சலுகையும் கிடையாது. 2021 டிசம்பரில் செல்சீ என்ற ஊரில் மூன்றாம் வகுப்பு ஆசிரியை ஒருவர் முக்காடு அணிந்த காரணத்துக்காக வகுப்பறையிலிருந்து வேறு வேலைக்கு மாற்றப்பட்டார்.

நீதிமன்றம் இதைத் தட்டிக் கேட்காதா என்று நீங்கள் கேட்கலாம். கனடா அரசியல் சாசனத்தின் 33ஆவது பிரிவு, சில அடிப்படை உரிமைகளை மீறும் சட்டத்தையும் ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பித்துக் கொண்டு காப்பாற்ற மாகாணங்களுக்கு வழி செய்கிறது. கியூபெக் அரசு முன்கூட்டியே அந்தக் கேடயத்தைப் பிடித்துக் கொண்டது. 2024இல் புதுப்பித்தும் கொண்டது. அதே ஆண்டு பிப்ரவரியில் மாகாண மேல்முறையீட்டு நீதிமன்றம் சட்டத்தை உறுதி செய்தது. 2025 ஜனவரியில் வழக்கை எடுத்துக் கொள்ள கனடா உச்ச நீதிமன்றம் அனுமதி வழங்கியது. தன் சட்டம் நியாயமானது என்று உறுதியாக நம்பும் அரசு, அடிப்படை உரிமை என்ற உரைகல்லில் அதை உரசிப் பார்க்க ஏன் அஞ்ச வேண்டும்?

மறு தரப்பு நியாயம்

ஒரு தரப்பை மட்டும் சொல்லி உங்களை உணர்ச்சிவசப்படுத்த நாங்கள் விரும்பவில்லை. அந்த மக்களின் தரப்பிலும் ஒரு வேதனை இருக்கிறது. 1960 வரை கியூபெக்கில் பள்ளிக்கூடம், மருத்துவமனை, குடும்பம் அனைத்தும் தேவாலயத்தின் பிடியில் இருந்தன. ஆங்கிலேய முதலாளி ஒரு பக்கம், பாதிரியார் மறுபக்கம் என மக்கள் நசுங்கினார்கள். அறுபதுகளில் அந்தப் பிடியை உதறி எழுந்தார்கள். எனவே, அரசுக் கட்டிடத்துக்குள் எந்த மதத்தின் உடையைக் கண்டாலும் பழைய அச்சம் தலைதூக்குகிறது. வட அமெரிக்காவின் ஆங்கிலக் கடலுக்கு நடுவே தங்கள் மொழியும் பண்பாடும் கரைந்துவிடுமோ என்ற பயமும் உண்மையானதே. இதை நாம் புரிந்து கொள்ள வேண்டும்.

ஆனால் தேவாலயத்தின் அதிகாரமும் ஒரு முஸ்லிம் ஆசிரியையின் முக்காடும் ஒன்றா? தேவாலயம் ஆண்டது. இவளோ சம்பளத்துக்கு வேலை பார்க்கிறாள். 2021 மக்கள்தொகைக் கணக்குப்படி கியூபெக்கில் முஸ்லிம்கள் சுமார் 4 இலட்சத்து 20 ஆயிரம் பேர், நூற்றுக்கு ஐந்து. பிரெஞ்சு ஆண்ட வட ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து வந்த பலர், அந்த மக்களின் உயிரான பிரெஞ்சு மொழியைத் தாமும் பேசுகிறவர்கள். 1977இல் வந்த மொழிச் சட்டப்படி புதிதாகக் குடியேறியவர்களின் பிள்ளைகள் பிரெஞ்சுப் பள்ளிகளில்தான் படிக்கிறார்கள். மொன்றியலில் குடியேறிய ஈழத் தமிழர் பிள்ளைகளும் அப்படித்தான். அந்த மொழியைக் காக்க வந்த கைகளை வகுப்பறையிலிருந்து வெளியே தள்ளுவது யாருக்கு நட்டம்?

இன்னொன்றையும் கேளுங்கள். லண்டனின் கொடியைத் துணிச்சலாக இறக்கிய அதே துப்ளெசி, தம் மாகாணத்தில் இருந்த சின்னஞ்சிறு மதப் பிரிவான யெகோவாவின் சாட்சிகளை ஓட ஓட விரட்டினார். கைதான அந்தப் பிரிவினருக்கு ஜாமீன் கொடுத்த ஒரே காரணத்துக்காக 1946இல் ஃபிராங்க் ரான்கரெல்லி என்ற உணவக உரிமையாளரின் மது விற்பனை உரிமத்தை ரத்து செய்ய வைத்தார். பன்னிரண்டு ஆண்டுகள் வழக்கு நடந்தது. 1959 ஜனவரியில் கனடா உச்ச நீதிமன்றம், முதலமைச்சரானாலும் சட்டத்துக்கு மேல் இல்லை என்று கூறி, அவர் 33 ஆயிரம் டாலருக்கு மேல் இழப்பீடு தர வேண்டும் எனத் தீர்ப்பளித்தது.

அநீதிக்கு ஆளானவர் கையிலேயே கொடிக்கம்பம் வந்ததும் அவர் அடுத்த சிறியவரை அடிப்பது புதிதல்ல. 1948இலும் அதுதான், 2019இலும் அதுதான்.

மனசாட்சி அவர்களுக்கு மட்டுமா?

2022 தேர்தலுக்குப் பின் ஒரு நிகழ்ச்சி நடந்தது. சட்டமன்ற உறுப்பினர்கள் பிரிட்டிஷ் மன்னர் சார்லஸுக்கு விசுவாசமாக இருப்பதாக உறுதிமொழி எடுக்க வேண்டும் என்பது கனடா அரசியல் சாசன விதி. கியூபெக் கட்சியின் உறுப்பினர்கள் மூவர் எங்கள் மனசாட்சி இடம் தராது என்று மறுத்தார்கள். டிசம்பர் 1 அன்று அவர்கள் அவைக்குள் அனுமதிக்கப்படவில்லை. என்ன ஆயிற்று தெரியுமா? டிசம்பர் 9 அன்றே அந்த உறுதிமொழியின் கட்டாயத்தை நீக்கிச் சட்டம் நிறைவேற்றிவிட்டார்கள்!

எட்டே நாட்கள்! மூன்று அரசியல்வாதிகளின் மனசாட்சிக்காக ஒரு சட்டம் எட்டு நாட்களில் வளைந்தது. நாங்கள் அதைக் குறை சொல்லவில்லை, பாராட்டுகிறோம். பதவிக்காக மனசாட்சியை விற்க வேண்டியதில்லை என்பது நல்ல கொள்கை. ஆனால் ஆசிரியைக்கு மனசாட்சி இல்லையா? முன்பு நினைவில் வைக்கச் சொன்ன 1774ஐ இப்போது எடுத்துப் பாருங்கள். மதத்தை விடாமலே அரசு வேலை செய்யலாம் என்ற அந்த உரிமையால்தான் கியூபெக் மக்கள் தலைநிமிர்ந்தார்கள். தங்கள் பாட்டனார் பெற்ற உரிமையைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குத் தர மறுப்பது எந்த ஊர் நியாயம்?

அரைக்கம்பத்தில் பறந்த நாள்

2017 ஜனவரி 29. கியூபெக் நகரப் பள்ளிவாசலில் இஷா தொழுகை முடிந்த நேரம். துப்பாக்கியுடன் நுழைந்த ஒருவன் சுட்டதில் ஆறு பேர் உயிரிழந்தார்கள். இன்னாலில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். பதினேழு பிள்ளைகள் தந்தையை இழந்தார்கள். கொடி நாளாகிய ஜனவரி 21 கழிந்து எட்டாவது நாள் அது.

மறுநாள் சட்டமன்றக் கோபுரத்தில் அந்த நீலவெள்ளைக் கொடி அரைக்கம்பத்தில் இறங்கி நின்றது. கடும் குளிரில் ஆயிரக்கணக்கான கியூபெக் மக்கள் மெழுகுவத்தி ஏந்தித் தெருவில் நின்று அழுதார்கள். அன்று அந்தக் கொடி அந்த ஆறு பேருக்கும் சொந்தமாக இருந்தது. சிலுவை இருக்கிறதே என்று யாரும் அந்நியமாக உணரவில்லை. இறந்த முஸ்லிமுக்காகக் கொடி தாழ்ந்தது. உயிரோடு இருக்கும் முஸ்லிம் பெண்ணுக்காகச் சட்டம் கொஞ்சம் தாழக் கூடாதா?

கொடியிலிருந்து சிலுவையை எடுங்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. அது அவர்களின் வரலாறு. அது அங்கேயே இருக்கட்டும். மாகாணச் சட்டமன்ற வாசலில் 1883இல் கட்டிடக் கலைஞர் தாஷே பொறித்த வாசகம் ஒன்று இருக்கிறது. 1978 முதல் அங்கே ஓடும் வாகனங்களின் எண் பலகையிலும் அதுதான் இருக்கிறது. "நான் நினைவில் வைத்திருக்கிறேன்" என்பது அதன் பொருள். எல்லாவற்றையும் நினைவில் வைத்திருப்பவர்கள், பதவிக்காக மதத்தைத் துறக்கச் சொன்ன அந்தப் பழைய உறுதிமொழியை மட்டும் மறந்துவிட்டார்களா?

வாசகர்களே! இது கியூபெக்குக்கு மட்டும் சொல்லும் பாடமல்ல. நாம் சிறுபான்மையாக இருக்கும் இடத்தில் நம் அடையாளத்துக்கு இடம் கேட்கிறோம். நாம் பெரும்பான்மையாக இருக்கும் தெருவில், ஊரில், பள்ளிக்கூடத்தில் அடுத்தவர் அடையாளத்துக்கு என்ன இடம் கொடுக்கிறோம்? கொடிக்கம்பம் நம் கைக்கு வரும் நாளில்தான் நாம் கேட்ட நீதியின் உண்மை தெரியும்.

சிந்திப்போம்!